தறி ஓட்டுபவரின் முதுகுக்கு ஸ்க்ரூ தேவையா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டும் 56 வயது அப்பாவுக்கு இரண்டு மாதமாக வலது காலில் பிட்டம் தொடங்கிக் கெண்டைக்கால் வரை சுள்ளென்று இழுக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்4-5, எல்5-எஸ்1 என இடுப்பு முதுகெலும்பின் கடைசி இரண்டு இடத்தில் ஜவ்வு (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்) பிதுங்கியிருக்கிறது. கோவையில் பார்த்த ஒரு மருத்துவர், கீழே உள்ள பிதுக்கத்தை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார். இன்னொருவர், இரண்டு இடத்திலும் ஸ்க்ரூ, ராடு வைத்து எலும்புகளை இணைத்துவிடலாம் என்கிறார். பெரியப்பாவோ, முதுகில் கத்தி வைத்தால் கால் போய்விடும் என்று குறுக்கே நிற்கிறார். முதுகெலும்பு அறுவை இன்று எவ்வளவு முன்னேறியிருக்கிறது, அதன் சவால் என்ன, நம்பிப் போகலாமா என்று மகன் கேட்கிறார்.

தம்பி, நான் கத்தி பிடிப்பவன் அல்ல. கோவையில் முதுகெலும்பு வார்டுகளில் வேலை பார்த்த பிசியோதெரபிஸ்ட். அறுவைக்கு முதல் நாளும், மறுநாள் காலையும், ஆறு மாதம் கழித்தும் ஒரே ஆளைப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குத்தான் அதிகம். அந்த இடத்தில் நின்று பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட கருத்து இது: எப்படி அறுப்பது என்பதில் மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. யாரை அறுப்பது, யாரை விட்டுவிடுவது என்பதில் அந்த அளவுக்கு வரவில்லை. அறுத்த பிறகு அந்த மனிதர் எங்கே போவார், என்ன வேலை செய்வார் என்பதைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சே எழுவதில்லை.

பெரியப்பாவின் பயத்திலிருந்து தொடங்குவோம். தண்டுவடம் என்பது மூளையிலிருந்து இறங்கி, பெரும்பாலானவர்களுக்கு இடுப்பின் முதல் எலும்பான எல்1 அளவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே தனித்தனி நரம்புகள்தான் கொத்தாகத் தொங்குகின்றன. உங்கள் அப்பாவுக்குப் பிதுக்கம் இருப்பது அதற்கும் கீழே, எல்4-5, எல்5-எஸ்1 அளவில். அங்கே தண்டுவடமே இல்லை. கழுத்திலோ நெஞ்சுப் பகுதியிலோ செய்யும் அறுவையில் இருக்கும் ஆபத்தை இடுப்பு ஜவ்வுக்கும் சேர்த்து எண்ணிப் பயப்படுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். நரம்பைச் சுற்றிய உறை கிழியலாம், சீழ் பிடிக்கலாம், எடுத்த இடத்திலேயே மறுபடி பிதுங்கலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குச் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுதல். ஆனால் இந்த இடத்தில் கால் ஒரேயடியாகப் போய்விடுவது மிக அரிது.

அந்தப் பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் கால் இழுக்கிறது என்பதையே 1934-இல்தான் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டரும் பாரும் தெளிவாக எழுதினார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் முதுகுத் தசையை இருபுறமும் அகல விலக்கி, எலும்பை நிறைய வெட்டித்தான் உள்ளே போனார்கள். 1977-இல் காஸ்பரும் யசார்கிலும் மைக்ராஸ்கோப் வைத்துச் சிறு திறப்பு வழியாகச் செய்து காட்டினார்கள். 1997-இல் ஃபோலியும் ஸ்மித்தும் குழாய் வழியாக எண்டோஸ்கோப் நுழைத்துச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று கொரிய மருத்துவர்கள் பரப்பிய, இரண்டு சிறு துளை வழியாகச் செய்யும் முறை கோவையிலும் நடக்கிறது. பெரியப்பா சிறுவயதில் பார்த்த நோயாளி வாரக்கணக்கில் படுத்திருப்பார். இன்றைய நோயாளியை அன்று மாலையோ மறுநாள் காலையோ நாங்கள் எழுப்பி நடக்கவிடுகிறோம். துளை சிறிதா பெரிதா என்பதற்கு விளம்பரங்கள் கொடுக்கும் முக்கியத்துவத்தை நான் கொடுப்பதில்லை. மைக்ராஸ்கோப்பில் கை தேர்ந்தவர் செய்தாலும் எண்டோஸ்கோப்பில் கை தேர்ந்தவர் செய்தாலும் ஓராண்டு கழித்து நோயாளியைப் பார்த்து வேறுபாடு சொல்வது கடினம்.

இப்போது ஸ்கேனுக்கு வருவோம். இந்தத் துறையின் தீராத தலைவலி அதுதான். வலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2015-இல் வந்தது. 50 வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு ஜவ்வு தேய்ந்திருந்தது, 60 சதவீதம் பேருக்குப் பிதுங்கியிருந்தது. இவர்கள் முதுகு வலிக்கிறது என்று யாரிடமும் போகாதவர்கள். உங்கள் அப்பாவோடு அதே தறிக்குடோனில் நிற்கும் நான்கு பேரைக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தாலும் ரிப்போர்ட்டில் ஏறத்தாழ இதே வரிகள் வரும். ஆகவே இரண்டு இடத்தில் பிதுக்கம் என்பதே இரண்டு இடத்தில் அறுக்கவேண்டும் என்பதற்குக் காரணம் ஆகாது.

எந்தப் பிதுக்கம் வலிக்குக் காரணம் என்பதைச் சொல்லவேண்டியது அப்பாவின் கால். எல்5-எஸ்1 பிதுக்கம் வழக்கமாக எஸ்1 நரம்பை அழுத்தும். அப்படியானால் பாதத்தின் வெளிப்புறமும் சுண்டுவிரல் பக்கமும் மரத்திருக்கும். குதிகாலுக்கு மேல் உள்ள தசைநாணில் சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளாது. வலது கால் ஒன்றில் மட்டும் நுனிவிரலில் எழுந்து நிற்கச் சொன்னால் குதிகால் தரையைவிட்டு மேலே வரத் தடுமாறும். எல்4-5 பிதுக்கம் எல்5 நரம்பை அழுத்தினால் கட்டைவிரலை மேலே தூக்கும் பலம் குறையும், பாதத்தின் மேற்புறம் மரக்கும். அப்பாவைச் சுவரில் ஒரு விரல் மட்டும் ஊன்றி ஒற்றைக் காலில் எழும்பச் சொல்லிப் பாருங்கள். படுக்கவைத்து, உங்கள் கையை அவர் கட்டைவிரல்மேல் வைத்து அழுத்தி, எதிர்த்துத் தூக்கச் சொல்லுங்கள். இடது காலோடு ஒப்பிட்டால் உங்களுக்கே தெரியும். இந்தச் சோதனைகளைச் செய்யாமல், ஸ்கேன் படத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அறுவைக்குத் தேதி குறிப்பவர் எவ்வளவு பெரிய பெயர் பெற்றவராக இருந்தாலும், இன்னொரு கருத்து கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, ஜவ்வுதான் காரணம் என்று உறுதியானால் உடனே அறுப்பதா, காத்திருப்பதா? நெதர்லாந்தில் 6 முதல் 12 வாரம் வரை கால்வலியோடு இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உடனே அறுவை, மறு பிரிவுக்கு மருந்தும் பொறுமையும் என்று வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2007-இல் வெளியானது. ஓராண்டு முடிவில் இரண்டு பிரிவிலும் 95 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். காத்திருந்த பிரிவில் 39 சதவீதம் பேர் இடையில் தாங்கமுடியாமல் அறுவைக்குப் போனார்கள். பிதுங்கிய துண்டு தானாகவே வற்றிச் சுருங்குவது உண்மையாகவே நடக்கிறது. பெரியதாகப் பிதுங்கி வெளியே வந்த துண்டுகூட அப்படிக் கரைவதுண்டு.

இந்த ஆய்வைக் காட்டி 'பார்த்தீர்களா, அறுவை தேவையில்லை' என்று சொல்பவர்கள் அதிலுள்ள இன்னொரு எண்ணைச் சொல்வதில்லை. உடனே அறுத்துக்கொண்ட பிரிவில் பாதிப் பேர் 4 வாரத்தில் தேறினார்கள். காத்திருந்த பிரிவில் பாதிப் பேர் தேற 12 வாரம் ஆனது. நெதர்லாந்தில் சம்பளத்தோடு விடுப்பு எடுத்து வீட்டில் இருக்க முடிந்தவருக்கு அந்த 8 வாரம் வெறும் அசௌகரியம். சனிக்கிழமை கூலியில் ஓடும் குடும்பத்துக்கு, அதுவும் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தால், 8 வாரம் என்பது கடன். என் கருத்தில், கால்வலி தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இருந்து, ஸ்கேனும் காலும் ஒரே நரம்பைக் காட்டினால், கூலித் தொழிலாளி ஒருவர் பிதுக்கத்தை மட்டும் எடுக்கும் சிறிய அறுவையைச் சீக்கிரம் செய்துகொள்வது தப்பில்லை. வலி குறைந்துகொண்டே வருகிறது என்றால் இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம். இரண்டும் சரியான வழிதான். மருத்துவர் உங்கள் வருமானத்தைக் கேட்கமாட்டார், நீங்களே சொல்லவேண்டும்.

ஸ்க்ரூ விஷயம் வேறு. எலும்புகளை இணைக்கும் அறுவை தேவைப்படும் இடங்கள் உண்டு. எலும்பு நொறுங்கி நிலைகுலைந்தது, காசநோய் எலும்பைத் தின்றது, கட்டி வந்தது, கூன் அதிகமாகிக்கொண்டே போவது, ஒரு எலும்பு மற்றதன்மேல் வெகுவாக நழுவி அசைந்துகொண்டிருப்பது. இப்படி எதுவும் இல்லாத முதல்முறை ஜவ்வுப் பிதுக்கத்துக்கு, அதுவும் கால்வலி மட்டும் உள்ளவருக்கு, இரண்டு மட்டத்தில் ஸ்க்ரூ என்பதற்கு நல்ல காரணம் சொல்லப்படவேண்டும். நரம்புப் பாதை குறுகியவர்களுக்கு, அழுத்தத்தை எடுப்பது மட்டும் போதுமா, எலும்பையும் இணைக்க வேண்டுமா என்று ஸ்வீடனில் 247 பேரை வைத்துப் பார்த்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இணைத்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. எலும்பு கொஞ்சம் நழுவியிருந்தவர்களை மட்டும் வைத்து நார்வேயில் செய்து 2021-இல் வந்த ஆய்விலும், அழுத்தத்தை மட்டும் எடுத்தவர்கள் பின்தங்கவில்லை. இணைத்தால் அந்த மூட்டு அசையாது. மேலே உள்ள ஜவ்வுக்கு அசைவுச் சுமை கூடும். சில ஆண்டுகளில் அதுவும் தேய்ந்து, இன்னும் மேலே ஸ்க்ரூ நீட்டவேண்டி வருகிறவர்களை வார்டில் பார்க்கிறோம். பீடி பிடிப்பவருக்கு எலும்பு சரியாக ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடுதல், அது தனிச் சங்கடம்.

ஸ்க்ரூ பொருத்துவது கெட்ட வேலை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் துறையில் நான் வியந்து நின்ற இடமே அதுதான். எலும்பின் பின்புறத்தையும் முன்புறத்தையும் இணைக்கும் குறுகலான தூண் ஒன்று இருபுறமும் உண்டு. ஸ்க்ரூ அதன் வழியாகத்தான் போகவேண்டும். நெஞ்சுப் பகுதியில் அது சிலருக்குச் சில மில்லிமீட்டர் அகலம்தான். உள்பக்கம் தண்டுவடம், சற்று வெளியே நுரையீரல், முன்னால் பெரிய ரத்தக்குழாய். துளை போட்டதும் நுனி உருண்டையான மெல்லிய கம்பியை உள்ளே விட்டு நான்கு சுவரையும் அடியையும் தடவிப் பார்ப்பார் மருத்துவர். எங்காவது சுவர் இல்லாமல் மெத்தென்று பட்டால் அந்த அறை அப்படியே அமைதியாகிவிடும். பிறவியிலேயே முதுகு வளைந்து முறுக்கிய பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். அவர்களுக்குத்தான் கணினி வழிகாட்டும் நேவிகேஷன் பெரிய வரமாக வந்தது. இதை நிறுவிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று நம் கோவையில், கங்கா மருத்துவமனையில் நடந்தது. டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு முதுகு வளைந்தவர்களுக்கு நெஞ்சுப் பகுதியில் 478 ஸ்க்ரூக்களைப் பொருத்தி 2007-இல் வெளியிட்ட கணக்கு இது: வழக்கமான எக்ஸ்ரே உதவியோடு போட்டவற்றில் 23 சதவீதம் எலும்புச் சுவரைத் தாண்டியிருந்தன, நேவிகேஷனோடு போட்டவற்றில் 2 சதவீதம் மட்டும். ஒரு ஸ்க்ரூவுக்கு ஆன நேரமும் பாதியாகக் குறைந்தது. அதற்குப் பிறகு ரோபோக்களும் வந்தன. முதுகெலும்புக்கான முதல் ரோபோவுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 2004-இல். அது திசையைப் பிடித்துக்கொடுக்கும் கை. அந்த எலும்பில் ஸ்க்ரூ தேவையா என்று அதற்குத் தெரியாது.

அறுவை நடக்கும்போதே தலையில் மின்தூண்டல் கொடுத்துக் கால்விரல் தசை துடிக்கிறதா என்று திரையில் பார்த்துக்கொண்டே இருக்கும் நரம்புக் கண்காணிப்பும் பெரிய முன்னேற்றம். வளைவை நிமிர்த்தும்போது அலை சுருங்கினால் உடனே தளர்த்திவிடுவார்கள். முன்பெல்லாம் நோயாளி கண்விழித்துக் காலை ஆட்டும் வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

கோவைக் குழுவின் இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு இதைவிடப் பிடித்தது. ஜவ்வின் வெளி வளையம் நடுவில் கிழிந்து உள்ளிருப்பது வெளியே வருகிறது என்றே பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. அறுவை செய்த 181 பேரைப் படமெடுத்தும் எடுத்த துண்டைப் பரிசோதித்தும் பார்த்ததில், மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் ஜவ்வு எலும்போடு ஒட்டும் விளிம்பிலிருந்தே பிய்ந்து வந்திருந்தது. டயர் நடுவில் வெடிப்பதற்கும் ரிம்மிலிருந்து கழன்று வருவதற்கும் உள்ள வேறுபாடு அது. 2013-இல் இதற்குச் சர்வதேச இடுப்பு முதுகெலும்பு ஆய்வுச் சங்கத்தின் பரிசு கிடைத்தது. எலும்புத் துண்டோடு சேர்ந்து வந்த ஜவ்வு எளிதில் வற்றாது என்பதால், யார் காத்திருக்கலாம் என்று முன்கூட்டிச் சொல்ல இது ஒருநாள் உதவலாம்.

அப்பாவின் கதை இதோடு ஏறக்குறைய முடிகிறது. ஆனால் இந்தத் துறையின் சவால் என்ன என்று கேட்டதால், கொங்குப் பகுதியில் அதை நேரில் காட்டும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். கிணற்று மேட்டிலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்தவரும், நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டவரும் அவரோடு சேர்ந்தவர்கள்தான். விழுந்தவுடன் என்ன நடக்கிறது? ஒருவர் தோளைப் பிடிக்க, ஒருவர் காலைப் பிடிக்க, நடு முதுகு மடங்கியபடி தூக்கிக் குட்டி யானை வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுபோகிறார்கள். பாதி நசுங்கிய தண்டுவடம் அந்தப் பயணத்திலேயே முழுதாக நசுங்கலாம். 108-ஐ அழைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் கதவுப் பலகை கிடைத்தாலும் போதும். நான்கு பேர் சேர்ந்து தலையும் முதுகும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி உருட்டிப் பலகையில் ஏற்றவேண்டும். தோப்புக்காரர்கள் இதைக் கற்றுவைத்துக்கொண்டால் எந்த ரோபோவும் காப்பாற்றாத கால்கள் காப்பாற்றப்படும்.

தண்டுவட அழுத்தத்தை 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் பலன் கூடுகிறது என்பதை 2012-இல் வந்த ஆய்வு காட்டியது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது. முதல்வர் காப்பீட்டு அட்டையும் அறுவைக்கு உதவுகிறது. ஆனால் மரத்திலிருந்து விழுந்தது சாலை விபத்து ஆகாது. அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடவும், சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகக் கையாளவும், படுக்கைப் புண் வராமல் பார்க்கவும் மனைவியைத் தவிர ஆளில்லை. முதுகில் அருமையாக ஸ்க்ரூ பொருத்தப்பட்ட இளைஞர்கள் சிறுநீரகத் தொற்றிலும் புண்ணிலும் இறந்துபோவதுதான் எங்கள் துறையின் பெரிய அவமானம். வேலூரில் மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் செயலிழந்த மருத்துவர், 1966-லேயே மறுவாழ்வு மையம் ஒன்றை நிறுவிக் காட்டினார். மாவட்டத்துக்கு ஒன்று அப்படி இருந்திருக்க வேண்டும்.

செயலிழந்த தண்டுவடத்தை மீட்கும் ஆராய்ச்சி உலகில் நடக்கிறது. சுவிட்சர்லாந்தின் லௌசானில் கூர்தின், பிளாக் ஆகியோரின் குழு தண்டுவடத்தின்மேல் மின்முனைகளை வைத்துத் தூண்டி, கால் அசையாதிருந்தவர்களைத் தாங்கலோடு நடக்கவைத்ததை 2018-இல் வெளியிட்டது. 2023-இல் மூளைச் சமிக்ஞையையே அந்தத் தூண்டலோடு இணைத்தார்கள். இவை இன்னும் ஆய்வுக்கூடத்தை ஒட்டியே இருக்கின்றன. இடையில் இங்கே ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடப்பார் என்று சில லட்சம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தண்டுவடக் காயத்துக்கு, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுப்பது கூடாது என்று 2017 தேசிய வழிகாட்டுதலே சொல்கிறது. ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தோட்டத்தை விற்றுக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்பாவிடம் திரும்புகிறேன். ஸ்க்ரூ சொன்ன மருத்துவரிடம் மறுபடி போய் மரியாதையாகவே கேளுங்கள்: எந்த நரம்பு அழுந்துகிறது, அதற்கும் காலில் உள்ள குறைக்கும் பொருந்துகிறதா? எலும்பு நழுவி அசைகிறதா? குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரே எங்கே? இணைக்காவிட்டால் என்ன ஆகும்? நல்ல மருத்துவர் கோபப்படமாட்டார், படத்தை எடுத்துக் காட்டுவார். நழுவல் இருப்பதாகக் காட்டினால் நான் மேலே சொன்னதை மறுபரிசீலனை செய்யலாம். அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும், பாவு நூல் சுற்றிய கனமான பீமைத் தூக்கித் தறியில் ஏற்றும் வேலையிலிருந்து அப்பாவை மூன்று மாதமாவது விலக்கிவைக்க முதலாளியிடம் இப்போதே பேசுங்கள். படுத்தே இருக்கவேண்டாம், வலி பொறுக்கும் அளவுக்கு நடக்கட்டும். பெல்ட்டை நாள் முழுக்கக் கட்டவேண்டாம். முதுகை மிதித்துவிடுவது, நரம்பு சுளுக்கு எடுப்பது எதுவும் வேண்டாம்.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் கசிந்தாலோ, ஆசனவாயைச் சுற்றியும் தொடையின் உள்பக்கமும் மரத்துப்போனாலோ, கழன்ற செருப்பு தெரியாத அளவுக்குப் பாதம் தொங்கினாலோ இத்தனை ஆலோசனையும் ரத்து. அன்றே, அந்த இரவே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு திங்கள் போகலாம் என்று அப்பா சொல்வார். கேட்காதீர்கள்.